இல்லாத கல்

நான் விழுந்ததும் எல்லாரும் பார்ப்பது
என்னையல்ல.
எனக்குப் பின்னால், தரையை.
கல்லைத் தேடுகிறார்கள்.

முதல் ஆறு மாதம் நானும் தேடினேன்.
பி.என். ரோட்டில்,
கம்பெனி கழிப்பறைக்குப் போகிற வழவழத்த டைல்ஸில்,
ஒருநாள் வீட்டு ஹாலில், விரித்த பாயின் ஓரத்தில்.
பாயின் ஓரம் எத்தனை உயரம் இருந்துவிடும்?
பனியன் துணியை இரண்டாக மடித்தால் வருமே, அவ்வளவுதான்.
அந்த மலையில்தான் முட்டி பெயர்ந்தது.

"பாத்து வரலாமில்லீங்கக்கா"
கை கொடுத்துத் தூக்குவான் சூப்பர்வைசர் திருமூர்த்தி.
பார்த்துத்தான் வருகிறேன் சாமி.
பார்ப்பதைத் தவிர
இப்போது வேறென்ன செய்கிறேன்.

கோயமுத்தூர் டாக்டர் பேனாவால் வரைந்து காட்டினார்:
நரம்பின் மேலுறை அங்கங்கே உரிந்திருக்கிறதாம்.
எனக்கு அது தையலாகத்தான் புரிந்தது.
மூளை ஓட்டுகிற வரிசையில்
பத்துக்கு ஒன்று விட்டுப்போகிறது.
மேலாகப் பார்த்தால் நல்ல பீஸ்.
இழுத்தால் வாய் பிளக்கும்.

நோயின் பேர் நீளம். எம்.எஸ். என்று சுருக்கிச் சொன்னேன்.
"எம்.எஸ்.ஸுங்களா, அது எந்தக் கம்பெனி?
போனஸ் நல்லாத் தர்றாங்களா?" என்றாள் கேண்டீன் ருக்குமணி.
அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில்
இன்னொரு தடவை விழத் தெரிந்தேன்.

பதினாலு வருசம் பவர் டேபிளில் இருந்த கால்.
அழுத்துவதை மறக்கவில்லை அது.
எடுப்பதைத்தான் மறந்தது.
கழுத்துப்பட்டி முடிந்த பிறகும்
ஊசி ஓடிக்கொண்டே இருந்தது
என் விரலைப் பார்த்து.
சாயங்காலமே செக்கிங்குக்கு மாற்றிக் கேட்டேன்.
பீஸ் ரேட் போயிற்று. விரல் இருக்கிறது.

சித்திரை மதியத்தில் கரண்ட் போனால்
சாயப்பட்டறையிலிருந்து இறக்கிய ஈர மூட்டை
இந்த வலது பாதம்.
கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றி உட்கார்ந்திருப்பேன்.
கோபித்துக்கொண்டு போன ஆள் மாதிரி
அரைமணி கழித்து
ஒன்றும் பேசாமல் திரும்பி வரும்.

மாடிப்படியில் டக், சப். டக், சப்.
கதவைத் திறக்காமலே கேட்பான் மகன்,
"இன்னைக்கு முடியலையாம்மா?"
வாய்க்கால் தாண்டுகிறவள்போல்
முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தால்
சப் கொஞ்சம் சின்னதாகும்.
அவனுக்காக, கடைசி நாலு படி மட்டும்
வாய்க்கால் தாண்டுவேன்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது.
ட என்ற எழுத்தை நிமிர்த்தி வைத்ததுபோல்
கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை.
அதைப் போட்டால் வலதுக்கு எட்டாம் நம்பர் ஷூ,
இடதுக்கு எப்போதும்போல் ஏழு.
"சோடியப் பிரிச்சுத் தர முடியாதுங்க"
கடைக்காரர் நல்ல மனுசர்தான்.
இரண்டு சோடி வாங்கினேன்.

மிச்சம் ஒரு டப்பா:
இடதுக்கு எட்டு, வலதுக்கு ஏழு.
பீரோ மேலே இருக்கிறது.
தூக்கிப்போட மனசு வரவில்லை.
இத்தனை ஜனம் இருக்கிற ஊரில்
இடதுகால் விழுகிறவள் ஒருத்தி
இல்லாமலா போய்விடுவாள்?

அதிலிருந்து பஸ்ஸில், ரேஷன் வரிசையில்
முகம் பார்ப்பதில்லை நான்.
இடது செருப்பின் நுனி பார்க்கிறேன்.
உள்பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா,
கட்டைவிரல் பக்கம் நூல் பிரிந்திருக்கிறதா.
குறை கண்டுபிடிக்கிறதுக்குத்தானே சம்பளம் எனக்கு.

போன வாரம் புது பஸ் ஸ்டாண்டில்
தாராபுரம் பஸ்ஸுக்கு ஓடிய ஒருத்தி
சமதரையில் தடுக்கினாள்.
இடதுகால்.
சமாளித்து நின்று
திரும்பி, தரையைத் தேடினாள்.
என் நெஞ்சு அடித்துக்கொண்டது.
டக், சப், டக், சப் என்று
என்னால் ஆன வேகத்தில் போனேன்.

அங்கே நிஜமாகவே ஒரு கல் இருந்தது.

"நல்லவேளைங்க, விழுகல" என்றாள்.
"ஆமாங்க" என்றேன்.
ஏமாற்றமாக இருந்ததைச் சொல்ல முடியுமா?

அவள் பஸ் ஏறிய பிறகு
பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
அந்தக் கல்லை
வலது காலால்தான் தள்ளினேன்.
மூன்றாவது தடவையில் நகர்ந்தது.